மதுரை–திப்ருகர்: 2,645 கி.மீ. தூரத்துக்கு ஒன்பது மணி நேரம் ஏன்?

தல்லாகுளம் | நவம்பர் 9, இரவு 9.40

மதுரை ஏர்போர்ட்ல இருந்து அசாம் திப்ருகர் ஏர்போர்ட் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? தூரம் காட்டுற தளத்துல 2,645 கி.மீ., பறக்கும் நேரம் 3 மணி 17 நிமிடம்னு வருது. டிக்கெட் தேடினா எட்டு மணி, ஒன்பது மணி, சிலதுல மறுநாள் காலைன்னு காட்டுது. ஜனவரி நடுவுல வயசான ரெண்டு பேர் போகணும், மார்ச் கடைசியில திரும்பணும். எந்தக் கணக்கை வச்சு டிக்கெட் போடறது?

பறக்கும் கணக்கு | நவம்பர் 9, இரவு 10.25

தூரம் சரி. நேரத்தை மறந்துவிடுங்கள்.

அந்த 3 மணி 17 நிமிடம் எப்படி வந்தது என்று பாருங்கள். 2,645 கி.மீ. என்பது 1,643 மைல். அதை 500 ஆல் வகுத்தால் 3.29 மணி, அதாவது 3 மணி 17 நிமிடம். அவ்வளவுதான். மணிக்கு 500 மைல் என்று ஒரே வேகத்தை வைத்துக்கொண்டு, ஓடுபாதையில் சக்கரம் உருள்வதையும், மேலே ஏறுவதையும், இறங்குவதற்கு வரிசையில் நிற்பதையும் கணக்கில் எடுக்காமல் சொல்லும் எண் அது. எந்த இரண்டு ஊரைக் கொடுத்தாலும் இப்படித்தான் சொல்லும்.

கையால் போடக்கூடிய நல்ல கணக்கு ஒன்று உண்டு. தூரத்தைக் கடல்மைலுக்கு மாற்றுங்கள் (கி.மீ.யை 1.852 ஆல் வகுக்க வேண்டும்). 450 ஆல் வகுத்து, 60 ஆல் பெருக்கி, 30 நிமிடம் கூட்டுங்கள். மதுரை–திப்ருகர் 1,428 கடல்மைல். 190 நிமிடம், அதோடு 30. மொத்தம் 3 மணி 40 நிமிடம். ஏ320, 737 வகை ஜெட் விமானத்துக்கு இது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் ஒத்துவரும்.

அந்த 30 நிமிடம் எதற்கு? பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகம் 250 நாட் (மணிக்கு 250 கடல்மைல்) தாண்டக் கூடாது. 35,000 அடிக்கு ஏற 20 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை முழு வேகம் கிடைக்காது. இறங்கும்போதும் அதே கதை. முன்னும் பின்னும் தரையில் உருள்வது பத்துப் பதினைந்து நிமிடம்.

ஆனால் இந்த 3.40 நேராகப் போகும் விமானத்துக்கு. மதுரை–திப்ருகர் நேர் விமானம் கிடையாது. சென்னை, கொல்கத்தா என்று இரண்டு இடத்தில் இறங்கி ஏறினால் வளைவில் ஒரு 150 கி.மீ. கூடும், நேரம் இரட்டிப்பாகும்.

பறக்கும் கணக்கு | நவம்பர் 10, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். 150 கி.மீ. கூடும் என்றது கணக்குப் போடாமல் எழுதியது. போட்டுப் பார்த்தேன்:

மதுரை–சென்னை 418 கி.மீ.
சென்னை–கொல்கத்தா 1,386 கி.மீ.
கொல்கத்தா–திப்ருகர் 852 கி.மீ.

மொத்தம் 2,656 கி.மீ. நேர்த்தூரத்தைவிட வெறும் 11 கி.மீ. அதிகம்! சென்னையும் கொல்கத்தாவும் கிட்டத்தட்ட அந்த நேர்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. மதுரை விமான நிலையத்திலிருந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிற தூரம்தான் கூடுதல். ஆக, நேரம் போவது சுற்றுப் பாதையால் இல்லை, முழுக்க முழுக்க தரையில் நிற்பதால். இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மேலே சொன்ன சூத்திரத்தையே மூன்று துண்டுக்கும் போட்டால் 60 + 130 + 91 நிமிடம், அதாவது 4 மணி 41 நிமிடம். விமான நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் தாராளமாகப் போடுவதால் ஐந்து மணி என்று வையுங்கள். மீதி நான்கு மணி நேரம் நாற்காலியில்.

டிக்கெட் மேசை | நவம்பர் 10, பகல் 12.15

மதுரை–சென்னைக்கு ஏடிஆர் வந்தால் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்துக்கோங்க. அது காற்றாடி விமானம், வேகம் 275 நாட் சுற்றி. கைப்பெட்டி வைக்கிற மேல்தட்டும் சின்னது. பெரிய டிராலியை வாசலிலேயே வாங்கி கீழே போட்டுடுவாங்க. மருந்து, பணம், கண்ணாடி எல்லாம் தனியா ஒரு சின்னப் பையில இருக்கட்டும்.

தல்லாகுளம் | நவம்பர் 10, இரவு 8.05

நானும் கூகுள்ல அட்சரேகை தீர்க்கரேகை எடுத்து ஒரு கணக்கியில போட்டேன். எனக்கு 2,660 வருது அண்ணே. பதினஞ்சு கி.மீ. எங்க இருந்து வந்துச்சு?

பறக்கும் கணக்கு | நவம்பர் 10, இரவு 9.30

9.5004, 27.2902 என்று போட்டீர்களா? அப்படியானால் பாகை-கலை-விகலையை (டிகிரி, மினிட், செகண்ட்) புள்ளி எண்ணாக அப்படியே எழுதிவிட்டீர்கள். மதுரை 9 பாகை 50 கலை 04 விகலை. 50 கலையை 60 ஆல் வகுக்க வேண்டும், 4 விகலையை 3600 ஆல். வருவது 9.8344. நீங்கள் போட்டது மதுரையை 37 கி.மீ. தெற்கே தள்ளிவிட்டது. திப்ருகர் 27 பாகை 29 கலை 02 விகலை, அதாவது 27.4839. அதையும் 21 கி.மீ. தெற்கே இழுத்திருக்கிறீர்கள். இரண்டு பிழையும் ஒரே திசையில் போனதால் பாதி அடிபட்டு, தூரத்தில் 15 கி.மீ. மட்டும் தெரிந்தது. எதிர்த் திசையில் போயிருந்தால் 40 கி.மீ.க்கு மேல் வந்திருக்கும்.

தீர்க்கரேகைகள்: மதுரை 78.0934, திப்ருகர் 95.0169. நகரத்தின் நடுப்புள்ளியை எடுக்காதீர்கள், விமான நிலையத்தின் புள்ளியை எடுங்கள். மதுரையில் மட்டும் இதனால் 10 கி.மீ. மாறும். திப்ருகர் விமான நிலையம் ஊருக்குள் இல்லை, மோகன்பாரியில்.

பறக்கும் கணக்கு | நவம்பர் 11, காலை 7.10

இன்னொன்று. 2,645 என்பது பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வைத்துப் போட்டது. பூமி துருவத்தில் கொஞ்சம் சப்பை. அதையும் சேர்த்துக் கணக்கிடும் தளங்களில் ஐந்தாறு கி.மீ. குறைந்து 2,639 போல வரும். இரண்டும் பிழையில்லை. வெவ்வேறு தளத்தில் வெவ்வேறு எண் பார்த்தால் பதற வேண்டாம்.

வரைபடப் பைத்தியம் | நவம்பர் 11, மாலை 4.40

தட்டை வரைபடத்தில் போடும் நேர்கோடு நிஜத்தில் நேர்கோடே இல்லை, உண்மையான குறுகிய வழி வடக்கே வளைந்து போகும். அதை யாரும் சொல்லவில்லையே?

பறக்கும் கணக்கு | நவம்பர் 11, இரவு 9.00

கொள்கை சரி. ஆனால் இந்த ஜோடிக்கு அது ஒன்றும் செய்யாது. மாறாத திசையில் பிடித்துப் போனால் (வடக்கிலிருந்து கிழக்கே 42 பாகை) 2,646 கி.மீ. நீங்கள் சொன்ன வளைந்த குறுகிய வழியில் போனால் 2,645. ஒரு கி.மீ. சொச்சம்தான் வித்தியாசம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், அதுவும் வடக்கு-கிழக்காக ஓடும் பாதையில் வளைவு தெரியாது. டெல்லி–நியூயார்க் மாதிரி உயர்ந்த அட்சரேகையில் கிழக்கு மேற்காகப் போகும்போதுதான் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்.

நேர்கோடு எங்கெல்லாம் போகிறது என்பது சுவாரசியம். மதுரையிலிருந்து 40 பாகையில் கிளம்பி, கடலூர் பக்கம் கரையைத் தாண்டும். பிறகு சுமார் 1,480 கி.மீ. வங்காள விரிகுடா. விசாகப்பட்டினத்துக்கு 145 கி.மீ. கிழக்கே கடலில். அப்புறம் சுந்தரவனக் காட்டில், இந்திய-வங்கதேச எல்லை கடலில் சேரும் இடத்திலேயே கரை ஏறும். டாக்காவுக்குக் கொஞ்சம் கிழக்கே, சில்ஹெட்டை உரசி, கர்பி ஆங்லாங் மலை, ஜோர்ஹாட்டுக்கு நேர் மேலே, திப்ருகர். வங்கதேசத்தின் மேல் மட்டும் ஏறத்தாழ 490 கி.மீ., அதாவது 35 நிமிடம்.

வரைபடப் பைத்தியம் | நவம்பர் 11, இரவு 9.20

உள்நாட்டு விமானம் வேறு நாட்டு வானத்தில் போகலாமா?

பறக்கும் கணக்கு | நவம்பர் 11, இரவு 9.45

போகலாம், அன்றாடம் போகிறது. அனுமதியும் வான்வழிக் கட்டணமும் உண்டு. கொல்கத்தா–அகர்தலா விமானம் அப்படித்தான் வங்கதேசத்தைக் குறுக்கே வெட்டும். இல்லாவிட்டால் சிலிகுரி வரை வடக்கே போய், நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் நடுவே உள்ள அந்தக் கோழிக்கழுத்து இடுக்கில் நுழைந்து திரும்பணும். சாலையும் ரயிலும் அப்படித்தான் சுற்றுகின்றன. மதுரையிலிருந்து திப்ருகருக்கு சாலையில் 3,500 கி.மீ. தாண்டும். கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கி.மீ.க்கு மேல், மூன்று நாளுக்கு மேல். 2011இல் தொடங்கியது. இந்தியாவிலேயே நீண்ட தூரம் ஓடும் ரயில் அதுதான். மதுரை வழியாக வராது, கேரளம் சுற்றி கோவை வழியாகப் போகும்.

தல்லாகுளம் | நவம்பர் 12, காலை 8.30

ரயில் வேணாம் அண்ணே, முழங்கால் தாங்காது. கடல் மேல 1,480 கி.மீ.ன்னு சொன்னதும் வீட்ல பயப்படறாங்க.

பறக்கும் கணக்கு | நவம்பர் 12, காலை 9.15

பயப்பட ஒன்றும் இல்லை. கடலின் மேல் போனாலும் கரையை ஒட்டித்தான் பாதை. எந்த இடத்திலும் கரை 250 கி.மீ.க்கு மேல் தள்ளிப் போகாது. சென்னை, விசாகப்பட்டினம், புவனேஸ்வரம், கொல்கத்தா என்று வரிசையாக நிலையங்கள். ஒரு என்ஜின் நின்றாலும் மற்றொன்றில் ஒரு மணி நேரத்துக்குள் இதில் ஒன்றில் இறங்கலாம். அவர்கள் போகப்போவது சென்னை–கொல்கத்தா விமானம், அது இன்னும் கரைக்குப் பக்கம்.

டிக்கெட் மேசை | நவம்பர் 12, பகல் 1.00

தம்பி, டெல்லி வழி பார்த்தீங்களா? சில நாள்ல மொத்த நேரம் அதுல குறைவா காட்டும். ஒரே இடத்துல தான் மாறணும்.

பறக்கும் கணக்கு | நவம்பர் 12, இரவு 10.10

இதைத்தான் எழுத நினைத்தேன். மதுரை–டெல்லி 2,086 கி.மீ., டெல்லி–திப்ருகர் 1,761. மொத்தம் 3,847. நேர்த்தூரத்தைவிட 1,200 கி.மீ. கூடுதல். வரைபடத்தில் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. ஆனால் கணக்கு: 3 மணி + 2 மணி 37 = 5.37. இரண்டு நிறுத்த வழியில் பறக்கும் நேரம் 4.41. ஆக டெல்லி வழியில் பறப்பது ஒரு மணி நேரம் அதிகம். ஆனால் ஒரு காத்திருப்பு முழுசாக மிச்சம். காத்திருப்புக்கு இரண்டு மணி வைத்தால் டெல்லி வழி 7.40, சென்னை–கொல்கத்தா வழி 8.40.

தூரம் குறைந்த வழி நேரம் கூடிய வழி. நேர் விமானம் இல்லாத ஊர்களுக்கு இது பொது விதி: கி.மீ.யைப் பார்க்காதீர்கள், எத்தனை முறை இறங்குகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு இறக்கமும் இரண்டரை மணி நேரம். அது 2,000 கி.மீ. பறப்பதற்குச் சமம்.

பறக்கும் கணக்கு | நவம்பர் 13, காலை 6.40

இருந்தாலும் ஜனவரியில் டெல்லி வேண்டாம் என்பேன். இரவு முழுக்க யோசித்துத்தான் சொல்கிறேன். டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை டெல்லியில் அதிகாலைப் பனிமூட்டம். அங்கே பார்வை மிகக் குறைந்தாலும் தரையிறங்க உதவும் 'கேட்டகரி 3 பி' கருவி வசதி உண்டு, ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்கணும். பனியில் இரண்டு விமானத்துக்கு இடையே இடைவெளியைக் கூட்டுவார்கள், அதனால் வரிசை நீளும். முதல் விமானம் ஒன்றரை மணி தாமதம் என்றால் உங்கள் இரண்டு மணி இணைப்பு போச்சு. இன்னொன்று, டெல்லியில் டெர்மினல் 1 தனியாக, பல கி.மீ. தள்ளி இருக்கிறது, 2, 3 பக்கம் பக்கம். வந்து இறங்கும் டெர்மினலும் ஏறும் டெர்மினலும் ஒன்றா என்று டிக்கெட்டில் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் வயசானவர்களை அனுப்பவே கூடாது.

டெல்லிதான் என்றால், பகல் 12 மணிக்குப் பிறகு டெல்லியில் இறங்குகிற மாதிரி. ஆனால் அப்படிச் செய்தால் அன்றே திப்ருகர் விமானம் கிடைப்பது கஷ்டம். அங்கே இரவு தங்க வேண்டி வரும்.

மோகன்பாரி மேடு | நவம்பர் 13, மாலை 5.20

திப்ருகர் பக்கத்தில் இருந்து சில விஷயம். இங்கேயும் ஜனவரி காலையில் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் பனி இறங்கும், பத்து மணிக்கு மேல்தான் வெளுக்கும். பகல் விமானம்தான் நல்லது. அதே சமயம் மாலையும் சீக்கிரம் வந்துவிடும். ஜனவரி நடுவில் 4.40 சுமாருக்குச் சூரியன் விழும். மதுரையில் அன்று 6.15 ஆகும். கடிகாரத்தில் வித்தியாசம் இல்லை, இந்தியா முழுக்க ஒரே நேரம்தான். ஆனால் 5 மணிக்கு இங்கே இருட்டு. வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். ஊர் 15 கி.மீ. தூரம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் என்றால் அங்கே 'பாகான் நேரம்' என்று ஒரு மணி முன்னால் வைத்திருப்பார்கள். தோட்டத்து ஆள் 'மூணு மணிக்கு வண்டி' என்றால் உங்கள் கடிகாரத்தில் இரண்டு. எந்த நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பறக்கும் கணக்கு | நவம்பர் 13, இரவு 8.50

அருமையான குறிப்பு. கணக்கும் ஒத்துப்போகிறது. தீர்க்கரேகை வித்தியாசம் 16.92 பாகை, பாகைக்கு 4 நிமிடம், ஆக 68 நிமிடம். மீதி அரை மணி, குளிர்காலத்தில் வடக்கே பகல் குறுகுவதால்.

வரைபடப் பைத்தியம் | நவம்பர் 14, காலை 11.30

மோகன்பாரி என்றதும் நினைவு வந்தது. இரண்டாம் உலகப் போரில் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன 'ஹம்ப்' விமானங்கள் கிளம்பிய அசாம் தளங்களில் இதுவும் ஒன்று. பக்கத்திலேயே சபுவா, தின்ஜான். 1942 முதல் 1945 வரை இமயமலையின் கிழக்கு முனையைத் தாண்டி குன்மிங்குக்கு. தூரத்தைப் பாருங்கள்: திப்ருகரிலிருந்து குன்மிங் சுமார் 820 கி.மீ., கொல்கத்தா 852!

பறக்கும் கணக்கு | நவம்பர் 14, பகல் 2.10

ஆமாம். அந்த ஊர் எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இதே வரிசையில் இன்னொன்று சொல்கிறேன். மதுரை–துபாய் 2,948 கி.மீ. மதுரை–திப்ருகரைவிட 300 கி.மீ. அதிகம். மதுரையின் 2,286 மீட்டர் ஓடுபாதையிலிருந்து துபாய்க்கு நேர் விமானம் போயிருக்கிறது. எனவே 'தூரம் அதிகம், அதனால்தான் நேர் விமானம் இல்லை' என்பது சரியில்லை. ஏ320நியோ இந்தத் தூரத்துக்குச் சுமார் எட்டரை டன் எரிபொருள் குடிக்கும். டேங்க் கொள்வதோ 18 டன்னுக்கு மேல். மாற்று நிலையமாக 373 கி.மீ. தள்ளி குவாஹாட்டி, அதற்கும், அதன்மேல் அரை மணி இருப்புக்கும் சேர்த்தாலும் இடம் இருக்கு. இல்லாதது ஒரே நாளில் இந்த இரண்டு ஊருக்கும் இடையே போக 180 பேர்.

ஏடிஆரில் மட்டும் முடியாது. ஆள் நிறைந்தால் அது ஏறத்தாழ 1,400 கி.மீ. வரைதான்.

தல்லாகுளம் | நவம்பர் 15, காலை 7.45

சரி அண்ணே, சென்னை–கொல்கத்தா வழியே போட்டுடறேன். மூணு விமானத்தையும் தனித்தனியா எடுத்தா ரெண்டாயிரம் குறையுது. எடுக்கலாமா?

டிக்கெட் மேசை | நவம்பர் 15, காலை 8.00

எடுக்காதீங்க.

டிக்கெட் மேசை | நவம்பர் 15, காலை 8.30

காரணத்தையும் சொல்லிடறேன். ஒரே பிஎன்ஆர் நம்பர்ல மூணு விமானமும் இருந்தா, முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தப்பினா அடுத்த விமானத்துல ஏத்திவிடுற பொறுப்பு நிறுவனத்தோடது. பெட்டியும் மதுரையில போட்டா திப்ருகர்ல எடுத்துக்கலாம். தனித்தனி டிக்கெட்னா ஒவ்வொரு ஊர்லயும் பெட்டியை பெல்ட்ல எடுத்து, வெளியே வந்து, மறுபடி கவுன்டர்ல போடணும். கவுன்டர் 60 நிமிடம் முன்ன மூடிடும், கேட் 25 நிமிடம் முன்ன. சென்னையில உள்நாட்டுக்கே ரெண்டு டெர்மினல், 1ம் 4ம். முதல் விமானம் 40 நிமிடம் தாமதம்னா கதை முடிஞ்சுது. அடுத்த டிக்கெட் முழு விலைக்கு, அதுவும் கிளம்புற அன்னைக்கு விலை. ரெண்டாயிரத்தை மிச்சம் பண்ணப் போய் இருபதாயிரம் போகும்.

ஒரே பிஎன்ஆர்னா இடைவெளி ரெண்டு மணி போதும். தனித்தனின்னா நாலு மணிக்குக் குறையவே கூடாது. எதுவா இருந்தாலும், அன்னைக்குத் திப்ருகர் போற கடைசி விமானத்தை நம்பி இணைப்பு போடாதீங்க; அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கணும்.

மதுரையில பெட்டிக்கு ஒட்டற சீட்டைக் கண்ணால பாருங்க. பெரிய எழுத்துல கடைசி ஊர் குறியீடு இருக்கும்: டி-ஐ-பி. டி-எம்-யு இருந்தா அது நாகாலாந்து திமாப்பூர். திரும்பி வரும்போது ஐ-எக்ஸ்-எம் இருக்கணும், ஐ-எக்ஸ்-இ இருந்தா பெட்டி மங்களூர் போகும். சீட்டோட கிழிச்ச துண்டை போன்ல ஒரு படம் எடுத்து வச்சுக்கோங்க. சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே கேளுங்க, மூணு விமானத்துக்கும் பதிவாகியிருக்கான்னு 48 மணி நேரம் முன்ன ஒருமுறை கூப்பிட்டு உறுதி பண்ணுங்க. முதல் விமானத்துக்கு மட்டும் பதிவாகி, கொல்கத்தாவுல இல்லாம நிக்கிறது அடிக்கடி நடக்குது.

பறக்கும் கணக்கு | நவம்பர் 15, இரவு 9.20

காற்றைப் பற்றி எழுதாமல் இந்த இழை முழுமை ஆகாது. திரும்பும் பயணம் இருக்கிறதே.

டிசம்பர் முதல் மார்ச் வரை வட இந்தியாவின் மேல், 25 முதல் 30 பாகை அட்சரேகையில், 35,000–40,000 அடி உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடும். 100 நாட் சாதாரணம். அந்த வழியில் 42 பாகையில் போகிற விமானத்துக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு, 67 நாட், பின்னாலிருந்து தள்ளும். கடைசி 500 கடல்மைலுக்கு அது கிடைத்தால்: காற்றில்லாமல் 67 நிமிடம், பின்காற்றில் 58. ஒன்பது நிமிடம் லாபம். திரும்பும்போது அதே காற்று எதிரே: 78 நிமிடம். பதினொரு நிமிடம் நட்டம். போகும்போது கிடைத்ததைவிடத் திரும்பும்போது இழப்பது அதிகம், ஏனென்றால் எதிர்காற்றில் நேரமும் அதிகம் நிற்கிறோம்.

டெல்லி–திப்ருகரில் இது இன்னும் கூர்மை. அது கிட்டத்தட்ட முழுக்க கிழக்கே, காற்றாற்றின் நடுவிலேயே ஓடும் பாதை. குளிர்காலத்தில் போக இரண்டரை மணிக்குள், வர மூன்று மணியை எட்டும். அட்டவணையில் போகும் நேரமும் வரும் நேரமும் வேறாக இருப்பதைப் பார்த்து யாரோ தவறாக அச்சிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

ஜூலை–ஆகஸ்ட்டில் தெற்கே தலைகீழ். தமிழ்நாட்டின் மேல் கிழக்கிலிருந்து மேற்கே 40 நாட் அடிக்கும். வடகிழக்கே போகும் விமானத்துக்கு 25 நாட் எதிர்.

மோகன்பாரி மேடு | நவம்பர் 16, காலை 10.00

மார்ச் கடைசியில் திரும்புவதாகச் சொன்னார்கள். ஜாக்கிரதை. மார்ச் பிற்பகுதியிலிருந்து மே வரை இங்கே 'போர்தோய்சிலா' புயல்மழை, வங்காளத்தில் 'கால்பைசாகி'. இரண்டும் பெரும்பாலும் மாலை நேரம். கொல்கத்தாவில் மாலை நான்கு மணியிலிருந்து எட்டு மணிக்குள் வந்து ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும், அதற்குள் விமானங்கள் வானில் வட்டமடிக்கும், சில புவனேஸ்வரம் திரும்பும். காலை, முற்பகல் விமானத்தில் இங்கிருந்து கிளம்பி, மூன்று மணிக்குள் கொல்கத்தாவை விட்டுத் தாண்டிவிடுகிற மாதிரி போடுங்கள்.

பறக்கும் கணக்கு | நவம்பர் 16, பகல் 12.40

அதோடு, மார்ச் கடைசி ஞாயிறு அன்று கோடைகால அட்டவணை தொடங்கும். குளிர்கால அட்டவணை முடியும் நாளை ஒட்டிய பயணத்துக்கு டிக்கெட் போட்டால் விமான நேரம் மாறிவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி வர வாய்ப்பு அதிகம். மூன்று விமானத்தில் ஒன்று மட்டும் அரை மணி நகர்ந்தாலும் இணைப்பு சுருங்கிவிடும். செய்தி வந்ததும் புதிய இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். ஒன்றரை மணிக்குக் கீழே போனால் உடனே கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். அவர்கள் மாற்றிய நேரம் என்பதால் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

தல்லாகுளம் | டிசம்பர் 2, இரவு 8.15

போட்டாச்சு. ஒரே பிஎன்ஆர். காலை 7.00 மதுரை, 8.15 சென்னை. 10.20 சென்னை, 12.40 கொல்கத்தா. 2.35 கொல்கத்தா, 4.05 திப்ருகர். மொத்தம் 9 மணி 5 நிமிடம். திரும்பறது மார்ச் 24, காலை 11 மணி விமானம்.

பறக்கும் கணக்கு | டிசம்பர் 2, இரவு 9.00

நல்ல அமைப்பு. பறக்கும் நேரம் 1.15 + 2.20 + 1.30, மொத்தம் 5.05. காத்திருப்பு 2.05 + 1.55, நான்கு மணி. நவம்பர் 10 அன்று சொன்ன ஐந்தும் நான்கும் அப்படியே வந்திருக்கிறது.

4.05க்கு இறங்கி, பெட்டி எடுத்து வெளியே வர 4.35. வெளிச்சம் கடைசியில் இருக்கும்போதே வண்டியில் ஏறிவிடலாம். கொல்கத்தாவில் 1.55 கொஞ்சம் இறுக்கம், ஆனால் அங்கே உள்நாட்டு விமானம் எல்லாம் ஒரே கட்டடம், வெளியே வர வேண்டியதில்லை. மதிய உணவை அங்கே சாப்பிடச் சொல்லுங்கள்.

மோகன்பாரி மேடு | ஜனவரி 11, காலை 7.30

இந்த வாரம் காலைப் பனி பதினோரு மணி வரை நிற்கிறது. உங்கள் விமானம் மாலை வருவதால் நேரடியாகத் தொந்தரவு இல்லை. ஆனால் காலை விமானங்கள் தாமதமானால் அதே விமானம் கொல்கத்தாவுக்குத் திரும்பி வந்துதான் உங்களை ஏற்றும். எனவே அன்று காலை 11 மணிக்குத் திப்ருகர் வானிலைச் செய்தியை (வி-இ-எம்-என் என்று தேடுங்கள்) பாருங்கள். பார்வைத் தூரம் நான்கு இலக்கத்தில் மீட்டரில் இருக்கும். 0800க்குக் கீழே இருந்தால் கொல்கத்தாவில் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொள்ளட்டும். ஸ்வெட்டர் பெட்டிக்குள் வேண்டாம், கைப்பையில். இறங்கும்போதே குளிர் தெரியும்.